அரியநாச்சி முடிந்துகொண்ட சொல்

காது சும்மா இருப்பவர்கள் காதைக் கொடுங்கள், கையில் வேலை இருப்பவர்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். வெட்டுக்குளம் ரோட்டில் குளமும் கிடையாது, வெட்டினவர்களும் கிடையாது. ஆனால் ரோடு இருந்தது, ரோட்டின் நடுமத்தியில் மூன்று மாடி ஜவுளிக்கடை இருந்தது, ஜவுளிக்கடை வாசலில் இருபத்தாறு வருஷமாக அரியநாச்சி நின்றாள்.

நின்றாள் என்றால் நின்றாள். காலை ஒன்பதரைக்கு வந்து கையைக் கூப்பினாளானால் கடை சாத்தும்போதுதான் பிரிப்பாள். "வாங்க, வாங்கம்மா, வாங்கண்ணே, பட்டு மொதல் மாடி, வேட்டி கீழ, பிள்ளைங்களுக்கு மேல, உள்ள வாங்க" என்று அவள் அழைத்தால், பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தவனின் கால் தன்னால் திரும்பும், மழைக்கு ஒதுங்கியவன் மாப்பிள்ளை வேட்டியோடு வெளியே வருவான், வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு வந்த புருஷனும் பெண்டாட்டியும் மூன்றாவது படியில் சமாதானமாகியிருப்பார்கள். அந்த வாசலில் நாற்காலி கிடையாது. "உக்காராத அரியநாச்சி, உக்காந்தா கடை சாஞ்சிடும்" என்பார் மேனேஜர். அது சாபமா சாஸ்திரமா என்று யாரும் கேட்டதில்லை. கடை சாயாமல் நின்றது, அவளுடைய கெண்டைக்காலில் நரம்புகள் அவரைக்கொடி மாதிரிச் சுருண்டு முழங்காலுக்கு மேலே ஏறிப் படர்ந்தன.

அப்புறம் முதலாளி செத்தார், பிள்ளைகளுக்கு ஜவுளி பிடிக்கவில்லை, கட்டடம் கைமாறியது, வாங்கினவன் அதைப் பலாப்பழம் அரிவதுபோல அரிந்து ஒன்பது சுளையாக வாடகைக்கு விட்டான். ஆறே மாதத்தில் ஒன்பது புதுக்கடைகள் முளைத்தன. மரச்செக்கு எண்ணெய்க் கடை ஒன்று, முட்டை போடாத கேக் கடை ஒன்று, மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்று, தொட்டிச்செடிக் கடை ஒன்று, நாய்க்குச் சட்டை விற்கும் கடைகூட ஒன்று. ரோட்டில் இருந்த நாய்கள் எல்லாம் வெறும் மேலோடு அதன் வாசலில்தான் படுத்திருந்தன. எல்லாம் சின்ன வயசு முதலாளிகள், வேலையை விட்டுவிட்டு வந்து சொந்தக் கடை போட்டவர்கள், இங்கிலீஷில் கனவு கண்டு தமிழில் போர்டு எழுதியவர்கள். அரியநாச்சி நின்ற அதே வாசல் மட்டும் வசீகரனுக்குப் போயிற்று. அவன் சாப்பாட்டுக்கடை வைத்தான், பேர் 'முதல் இலை'.

திறப்புக்கு ஒரு மாதம் இருக்கும்போது வசீகரன் அவளைத் தேடிக்கொண்டு வந்தான்.

"அக்கா, இந்தச் சுத்துவட்டாரத்துல உங்க குரல் தெரியாத ஆள் இல்ல. தெறப்புக்கு நீங்கதான் வீடுவீடா அழைக்கணும். அன்னைக்கு மொதல் இலை உங்களுக்குத்தான். உக்கார வெச்சு நானே பரிமாறறேன்."

"உக்கார வெச்சா?" என்றாள் அரியநாச்சி. சோறு அவள் காதில் விழவில்லை, உட்காருவதுதான் விழுந்தது. இருபத்தாறு வருஷம் நின்ற அதே இடத்தில் ஒரு நாற்காலி, அதில் அவள், எதிரே ஒருத்தர் நின்றுகொண்டு அவளைப் பார்த்து வாங்க என்று சொல்வது. இதை நினைத்தபடியே அவள் குங்குமச்சிமிழும் பத்திரிகைக் கட்டுமாக ஏழு தெருவும் நடந்தாள், மாடி வீடுகளில் ஏறி இறங்கினாள், நாய் இருக்கிற வீடுகளில் கேட்டுக்கு வெளியே நின்று அழைத்தாள். ஒருநாள் வசீகரன் போனை அவள் வாய்க்கு நேரே நீட்டினான்.

"ஒரு தடவை வாங்கன்னு சொல்லுங்கக்கா. வாட்ஸப்புல போடத்தான்."

தொண்டையைச் செருமிக்கொண்டு, கையையும் கூப்பிக்கொண்டு, அவள் ஒரு தடவை சொன்னாள்.

திறப்பு நாளன்று தலைக்குக் குளித்து, மாம்பழக் கலர் புடவை கட்டி, ரெண்டு முழம் பூ வைத்துக்கொண்டு போனாள். ஏழு தெரு ஜனமும் வந்திருந்தது. வாசல் நிலையில் சோப்புப்பெட்டி அளவில் ஒரு பொட்டி, யார் அதன் கீழே போனாலும் வாங்க என்றது. அவள் குரல். செருமல் நீங்கலாக எல்லாம் அவளுடையது. திரும்பிப் பார்த்தாள், ஒன்பது கடை நிலையிலும் அதே பொட்டி, ஒன்பதிலும் அவள். வசீகரன் தாராள மனசுக்காரன், எல்லாருக்கும் அனுப்பியிருந்தான்.

உள்ளே முதல் இலையில் மைக் பிடித்த ஒருவன் உட்கார்ந்து, சாம்பாரைப் பற்றிக் கேமராவிடம் பேசிக்கொண்டிருந்தான். ரெண்டாவது இலை, மூணாவது இலை, கடைசி இலை வரைக்கும் ஆள். அரியநாச்சி வாசலில் நின்றாள். பாயச வாளியோடு குறுக்கே போன வசீகரன் அவளைப் பார்த்தான், பார்த்துச் சிரிக்கவும் செய்தான்.

"அக்கா, வழிய மறைக்காம கொஞ்சம் ஓரமா நில்லுங்க."

பின்னாலேயே வந்த ஒரு அம்மாள், "கை கழுவுற எடம் எங்கம்மா?" என்று அவளைக் கேட்டாள். அவள் கை தன்பாட்டுக்கு வழியைக் காட்டியது. அந்த நேரம் தலைக்கு மேலே பொட்டி வாங்க என்றது. அந்த வாசலில் அவளை அழைத்தது அவள் குரல் ஒன்றுதான், வேறு ஒரு வாயும் திறக்கவில்லை.

அவள் மண்ணை வாரித் தூற்றவில்லை, வயிறெரிந்து வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொட்டி அடுத்த தடவை வாங்க என்று சொல்லும்வரை காத்திருந்து, சொன்னதும் கையை எட்டி, கோழிக்குஞ்சைக் கழுத்துக்குக் கீழே கூட்டிப் பிடிப்பதுபோல அந்தச் சொல்லைப் பிடித்து, முந்தானையில் போட்டு ரெண்டு முடிச்சாக முடிந்துகொண்டாள். பிறகு அவன் சொன்னபடியே ஓரமாக நடந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து வெட்டுக்குளம் ரோட்டில் வாங்க என்ற சொல் இல்லை.

பொட்டிகள் பஞ்சரான டியூப் மாதிரிக் காற்றை விட்டன. வசீகரன் வாயைத் திறந்தான், காற்று வந்தது. வா வந்தது, அது போகவில்லை. பூனையை வா என்று கூப்பிடலாம், பேரனை வா என்று கூப்பிடலாம், ஆனால் மரியாதைக்குரிய ஒருத்தரை அந்த ரோட்டில் யாரும் கூப்பிட முடியவில்லை. மாமனாருக்கு வா என்று சொல்லிவிட்ட மருமகள் ஒருத்தி மூன்று நாள் அம்மா வீட்டில் இருக்கவேண்டியதாயிற்று. செக்கெண்ணெய்க் கடை இளங்குமரன், வழிவழியாக நல்லெண்ணெய் சாப்பிட்ட குடும்பத்துப் பிள்ளை, யோசித்து "வரணும், வரணும்" என்று சொல்லிப் பார்த்தான். போய்க்கொண்டிருந்த பெரியவர் நின்று, "எதுக்கு வரணும்? என்ன கட்டாயம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். நாய்ச்சட்டைக் கடைக்காரர் "வருக, வருக" என்றார். ஜனம் ஒதுங்கி வழிவிட்டு, தலைவர் எந்தப் பக்கமிருந்து வருகிறார் என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. கேக் கடை ரெஜினா வெல்கம் என்றாள், "தேங்க்யூ" என்று சொல்லிவிட்டு எல்லாரும் அவரவர் வழியில் போனார்கள். அழைக்காத வாசலில் கால் ஏறவில்லை, அவ்வளவுதான் விஷயம். முதல் படி வரைக்கும் போன கால் அங்கே நின்று, செருப்பைச் சரிசெய்துகொண்டு, திரும்பிவிடும்.

ஊர் பழகிக்கொண்டது. எதற்குத்தான் ஊர் பழகவில்லை. முனையில் பால்பண்ணைத் தெரு திரும்புகிற இடத்தில் சொல் உயிரோடு இருக்கிறதென்று தமிழ் வாத்தியார் ஒருவர் நடந்து நடந்து சொல்லிப் பார்த்துக் கண்டுபிடித்தார், மின்கம்பத்துக்கு அந்தப் பக்கம் வாங்க, இந்தப் பக்கம் காற்று. அதற்கப்புறம் விருந்தாளி வருகிற வீட்டுக்காரர்கள் முனைக்கே போய், கம்பத்துக்கு அந்தப் பக்கம் நின்று வாங்க என்று சொல்லி, அது ஆறுவதற்குள் கையைப் பிடித்து விறுவிறுவென்று வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். முட்டி வலி உள்ள விருந்தாளிகள் பாதி வழியில் ஆறிப்போய்த் திரும்பிவிட்டார்கள். கடைக்காரர்களும் முனையில் போய் நின்று கத்திப் பார்த்தார்கள், கடை தூரம் அதிகம், சொல் தாங்கவில்லை.

பத்தாம் நம்பர் வீட்டில் பெண் பார்க்க வந்தவர்கள் ஒருமணி நேரம் வெயிலில் நின்றார்கள். பெண்ணின் அப்பா வாசலில் நின்று கையைக் கூப்பிக் கூப்பி வாயைத் திறந்து திறந்து மூடினார். "பேசாத சம்பந்தி நமக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு அவர்கள் வேனில் ஏறிப் போனார்கள். இந்தச் சேதி வந்தபோது அரியநாச்சிக்கு நெஞ்சு கொஞ்சம் இடறியது, பிசகு யாரோடதோ அந்தப் பிள்ளைமேல விழுந்துவிட்டதே என்று. ஆனால் மறுநாள் அந்தப் பெண்ணே யாரிடமோ நாலு முழம் மல்லிகை கொடுத்தனுப்பி, "மாப்பிள்ளைய நான் போட்டோவுலயே பாத்துட்டேன், புண்ணியமாப் போகும்" என்று சொல்லச் சொல்லியிருந்தாள். அரியநாச்சி பூவைத் தலையில் வைத்துக்கொண்டு, முடிச்சை இன்னும் ஒருதடவை இறுக்கினாள்.

அவள் அப்போது வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். சொல் முந்தானையில் சூடாக, லேசாக அசைந்துகொண்டு கிடக்கும். புடவை மாற்றும்போது அதை அடுத்த முந்தானைக்கு மாற்றுவாள், குளிக்கப் போகும்போது டம்ளரைக் கவிழ்த்து மூடிவைப்பாள். எடுத்தவள் யாரென்று ரோட்டுக்குத் தெரியும். ஜவுளிக்கடையில் அவளோடு நின்ற பெண்களில் பாதிப்பேர் இப்போது இந்த ஒன்பது கடைகளில் நின்றார்கள். அவர்களுக்கு முதல் நாளே தெரியும். முதலாளிகள் கேட்டபோது, "எங்களுக்கு என்ன சார் தெரியும், நாங்க நிக்கிறவங்க" என்றார்கள்.

வசீகரன் முதலில் சாப்பாட்டுப் பொட்டலம் அனுப்பினான், அது பிரிக்காமல் திரும்பி வந்தது. பிறகு புடவை அனுப்பினான், அது ஃபால்ஸ் தைத்துத் திரும்பி வந்தது. சித்திரை பிறந்து, 'முதல் இலை'யில் வெட்டிய வாழையிலைகள் கட்டுக்கட்டாகப் பழுத்து மஞ்சளாகிக் கிடந்தபோது, ஒன்பது பேரும் சேர்ந்து ஒரு காலைப்பொழுதில் அவள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

"அக்கா."

"யாரு?" அவள் தலையைத் தூக்கவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"நாங்கதாங்க்கா. கடைக்காரங்க."

"எந்தக் கடை? ஆளு ஏறாத கடையா?"

அவள் வாங்க என்று சொன்னால்தான் உள்ளே போகமுடியும், அவள் சொல்லவில்லை. பத்து மணி வெயில் பதினோரு மணி வெயிலாயிற்று. பக்கத்து வீட்டு சவுரியம்மாள் சர்க்கரைக்குக் கிண்ணத்தோடு வந்தாள். "வாங்க சவுரியம்மா, உக்காருங்க" என்றாள் அரியநாச்சி. எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அந்தச் சொல்லை அவள் குரலில் கேட்டதும் ஒன்பது பேருக்கும் மயிர்க்கூச்செறிந்து, ஒன்பது வலது கால் தானாகத் தூக்கிக்கொண்டது. தங்களுக்கு இல்லை என்று தெரிந்ததும் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. சவுரியம்மாள் அவர்களைத் தாண்டி உள்ளே போய், உட்கார்ந்து, சர்க்கரை வாங்கிக்கொண்டு, பேரன் கதை முழுதும் சொல்லிவிட்டுப் போகும்போது, "பாவம்டி, நிக்குதுங்க" என்றாள். "நிக்கட்டும், கடை சாயாது" என்றாள் அரியநாச்சி.

ரெண்டு மணிக்கு வசீகரன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"கால் வலிக்குதா தம்பி?"

"வலிக்குதுக்கா."

"எங்க?"

"கெண்டக்கால்ல."

"அது மொதல் வருஷம். அப்புறம் மேல ஏறும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். உள்ளபடிக்கே வெட்கப்பட்டான் என்றுதான் சொல்லவேண்டும், ஆனால் வெட்கம் காலுக்குக் கீழே நிழல் தருமா? "தப்புதாங்க்கா" என்றான்.

"எது தப்பு?"

"கேக்காம பொட்டியில போட்டது."

"கேட்ட தம்பி. ஒரு தடவை சொல்லுங்கன்னு கேட்ட. ஒரு தடவைன்னா எத்தனை தடவை?"

"ஒரு தடவை."

"அப்புறம்?"

"மொதல் இலை..." என்று ஆரம்பித்தவன் சுவரை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

அவள் ஊசியை வைத்தாள். "பொட்டியக் கழட்டணும். ஒம்பது கடையிலயும் வேலை செய்யுற பிள்ளைங்களுக்கு நாற்காலி போடணும். அவங்க உக்காந்துதான் யாவாரம் பாக்கணும்."

"போடறோம்க்கா, இன்னைக்கே போடறோம்" என்று ஒன்பது பேரும் முண்டியடித்துச் சொன்னார்கள்.

முந்தானையை எடுத்து மடியில் போட்டு முதல் முடிச்சை அவிழ்த்தாள். ரெண்டாவது முடிச்சில் கையை வைத்தவள் நிமிர்ந்து, "எந்த வாங்க வேணும்?" என்று கேட்டாள்.

ரெஜினா மட்டும் புருவத்தைச் சுருக்கினாள். "எந்த வாங்கன்னா என்னக்கா அர்த்தம்?"

"சும்மா இரும்மா, காலு விட்டுப்போச்சு" என்றான் இளங்குமரன். "கடைக்கு ஆளு வரணும்க்கா. உள்ள வாங்கன்னு கூப்பிடற வாங்கதான் வேணும். ஆளு வந்தாப் போதும்."

"ஆளு வந்தாப் போதுமா?"

"போதும்க்கா."

"ஒம்பது வாயும் சொல்லட்டும்."

எட்டு வாய் உடனே போதும் என்றது. ரெஜினா தன் காலைப் பார்த்தாள், சாய்ந்துகொண்டிருந்த வெயிலைப் பார்த்தாள், அப்புறம் அவளும் போதும் என்றாள்.

முடிச்சுக்குள் அந்தச் சொல் ஒன்றாக இருக்கவில்லை, ரெட்டைப்பிள்ளை மாதிரி ஒரே முகத்தோடு ரெண்டாகக் கிடந்தது. அரியநாச்சி இருபத்தாறு வருஷமாக ரெண்டையும் ஒரே மூச்சில் சொன்னவள், அவளுக்கு எது எது என்று தெரியும். ஒன்றை எடுத்து வசீகரனின் கையில் வைத்தாள். மற்றதை முந்தானையில் திரும்ப முடிந்துகொண்டாள்.

மறுநாள் காலை வெட்டுக்குளம் ரோட்டில், வாங்க வாங்க என்று ஒன்பது வாசலிலிருந்தும் முதலாளிகள் வாய் கொள்ளாமல் கூவினார்கள். ஜனமென்றால் ஜனம், தேர்த்திருவிழா ஜனம். இத்தனை மாதம் படியேறாத கால்களெல்லாம் ஒன்றாக ஏறின. கேக் கடைக் கண்ணாடியில் மூக்குகள் வரிசையாக ஒட்டின. கண்ணாடிக் கடையில் முப்பது பேர் முப்பது ஃபிரேம் போட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்து அழகு சொல்லிக்கொண்டார்கள். 'முதல் இலை'யில் உட்கார இடமில்லை, வந்தவர்கள் தண்ணீர் குடித்தார்கள், மெனு கார்டைப் பேப்பர் படிப்பதுபோல முன்னும் பின்னும் படித்துப் பக்கத்து மேஜைக்குக் கொடுத்தார்கள், மின்விசிறிக் காற்று நன்றாக இருக்கிறதென்று சொன்னார்கள்.

ஒருவரும் ஒன்றும் வாங்கவில்லை.

வாங்க மனசில்லாமல் இல்லை. "தம்பி, அரை லிட்டர் நல்லெண்ணெய்..." என்று ஒரு அம்மாள் இளங்குமரனிடம் ஆரம்பித்தாள், நல்லெண்ணெய்க்கு அப்புறம் வரவேண்டிய இடத்தில் பல் விழுந்த ஈறு மாதிரி ஒரு ஓட்டை இருந்தது, வந்த காரியம் அந்த ஓட்டைக்குள் விழுந்துவிட்டது. "எதுக்கு வந்தேன், மறந்தே போச்சு பாரு" என்று சிரித்துவிட்டு, எண்ணெயை மோந்து பார்த்து, "அருமையான எண்ணெய், நாளைக்கும் வரேன்" என்றாள். நாளைக்கும் வந்தாள். எல்லாரும் நாளைக்கும் வந்தார்கள். அழைத்தவர்கள் நல்லபடியாக அழைத்திருந்தார்கள், வந்தவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். பெரியவர்கள் மதியத் தூக்கத்துக்கு எண்ணெய்க் கடையைப் பிடித்துக்கொண்டார்கள், கல்லூரிப் பிள்ளைகள் செடிகளுக்கு நடுவில் காதல் செய்தார்கள், நாய்ச்சட்டைக் கடைக்கு நாய்களும் வந்து, போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றிக்கொண்டு போயின. இதற்கும் ஊர் பழகிக்கொண்டது. இதற்குப் பழகுவதற்கு ஊருக்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை.

"போதும்னு சொன்னமே" என்றாள் ரெஜினா, நாற்பது பேர் நடுவில், வெட்டாத கேக்கைப் பார்த்துக்கொண்டு.

ஒன்பதாம் நாள் பகல் பதினொன்றுக்கு அரியநாச்சி ஒயர்கூடையோடு முனை திரும்பினாள். ரோட்டு ஓரமாக வரவில்லை, நடுவில் வந்தாள். நேராக எண்ணெய்க் கடைக்குப் போய், கூட்டம் தானாக விலக, "கால் லிட்டர் விளக்கெண்ணெய் வாங்க வந்தேன்" என்றாள். முழு வாக்கியம். ஓட்டையில்லாமல், முதலும் முடிவுமாக. கடைக்குள் இருந்த ஜனமெல்லாம் மறந்துபோன பாட்டு ஞாபகம் வந்ததுபோல வாயைப் பிளந்து நின்றது, இளங்குமரன் அளந்து ஊற்றிக்கொடுத்தான். சொல் போனதிலிருந்து அந்தக் கடையின் முதல் வியாபாரம் அது. அன்று அந்த ரோட்டிலேயே நடந்த ஒரே வியாபாரமும் அதுதான்.

ஆக, வெட்டுக்குளம் ரோட்டில் ஒருநாளைக்கு ஒரு கடையில் ஒரு வியாபாரம் என்று ஆயிற்று. எந்தக் கடை என்று அரியநாச்சிதான் தீர்மானிப்பாள், அதை அவள் முன்கூட்டிச் சொல்லுவதில்லை. எந்த நேரம் வருவாள் என்றும் தெரியாது, அதனால் ஒன்பது முதலாளிகளும் காலை ஒன்பதரைக்கு வந்து அவரவர் வாசலில் கையைக் கூப்பி நிற்கத் தொடங்கினார்கள். உள்ளே வேலைக்காரப் பெண்கள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணாடி வழியாக முதலாளிகளின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முனையில் மாம்பழக் கலர் தெரிந்துவிட்டால் போதும், "வாங்கக்கா, வாங்க, இன்னைக்கு நம்ம கடைக்கு, உள்ள வாங்க" என்று ஒன்பது குரல் ஒன்றையொன்று முட்டும். அவள் எல்லா வாசலிலும் நிற்பாள், எல்லாரையும் சொல்லிமுடிக்க விடுவாள், "அப்புறம் பாக்கறேன்" என்பாள்.

'முதல் இலை' வாசலில் மட்டும் அவள் இன்னும் படியேறவில்லை. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி போயிற்று. வசீகரன் தினமும் ஜன்னலோர மேஜையில் ஒரு நாற்காலியைத் துடைத்து, புது இலை போட்டு, தண்ணீர் தெளித்துவிட்டு வந்து நிற்பான். உள்ளே கூட்டம் நெருக்கியடித்தாலும் அந்த நாற்காலியில் யாரையும் உட்கார விடமாட்டான், மாலையில் இலை வாடினதும் எடுத்துப் போடுவான்.

கார்த்திகையில் ஒருநாள் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு அவள் அவன் வாசலுக்கு வந்தாள், வந்தவள் முதல் படியில் ஒரு காலை வைத்தாள்.

"வாங்கக்கா" என்றான் வசீகரன். கையைக் கூப்பியிருந்தான், கண் கலங்கியிருந்தது. "மொதல் இலை உங்களுக்குத்தான். நானே பரிமாறறேன். உக்காருங்கக்கா."

அவள் உள்ளே போட்டிருந்த நாற்காலியைப் பார்த்தாள், அது நல்ல நாற்காலி. இலையைப் பார்த்தாள், தளிர் இலை. அப்புறம் அவன் காலைப் பார்த்தாள். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான், கெண்டைக்காலில் பச்சையாக ஒரு நரம்பு கொடி விட ஆரம்பித்திருந்தது. அவள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் அவன் அந்தக் காலை மாற்றி ஊன்றி, பின்னால் இருந்த ஸ்டூலைக் கையால் துழாவி மெல்ல இறங்கப் போனான்.

"உக்காராத தம்பி" என்றாள் அரியநாச்சி, குரலில் ஒரு கோபமும் இல்லாமல், குழந்தைக்குச் சொல்வதுபோல. "உக்காந்தா கடை சாஞ்சிடும்."

படியிலிருந்து காலை எடுத்து, செருப்பைச் சரிசெய்துகொண்டு, அவள் நடந்தாள். அடுத்த வாசலில் ரெஜினா கையைக் கூப்பி ஆரம்பித்திருந்தாள்.